தெற்குச் சுவரில் மாட்டிய படம்

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான்: ‘ஆவணி, வளர்பிறை, வெள்ளிக்கிழமை. புது வீட்டில் பால் காய்ச்சினோம். காலையில் தூறல். தெற்குச் சுவர்ப் படத்துக்கு மாலை போடப்பட்டது, பிறகு கழற்றப்பட்டது. கழற்றியவர் யார் என்ற விவரம் கீழே.’

கீழே ஒன்றும் இல்லை, பக்கத்தின் மிச்சம் வெறுமையாகக் கிடக்கிறது. அன்றிரவு எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அந்த விவரத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பேய், ஆவி என்று யார் ஆரம்பித்தாலும் நான் கேட்பது இரண்டே கேள்விதான்: என்றைக்கு நடந்தது, யார் கண்ணால் பார்த்தது? பாதிப் பேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் கோயில் கல்லில் என்ன தேதி, எந்த வருட வெள்ளத்தில் எந்தப் பாலம் போனது என்று எழுதி வைத்துக்கொள்வது என் பொழுதுபோக்கு. தெரிந்தால் தேதி போடுவேன், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

காமயகவுண்டன்பட்டிக்கு வெளியே வீடு கட்டி முடிக்கும் நேரத்தில், என் மனைவி சித்ராவுக்குப் பழைய பொருள்கள் மேல் ஆசை வந்துவிட்டது. புது வீட்டைப் பழைய சாமான்களால் அலங்கரிப்பதுதான் இப்போதைய வழக்கமாம். செல்போனில் படம் படமாகக் காட்டினாள். உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறார்கள், ஆட்டுக்கல்லின் மேல் கண்ணாடிப் பலகை வைத்து டீப்பாய் ஆக்குகிறார்கள். “உங்க அம்மா வெச்சிருந்த ஆட்டுக்கல்ல வாடகை வீடு மாறும்போது தூக்க முடியலன்னு விட்டுட்டு வந்தோம். இப்பக் காசு குடுத்து இன்னொண்ணு வாங்கப் போறமா?” என்று கேட்டேன். “அது ஆட்டுக்கல்லுங்க. இது டெக்கரேசன்” என்றாள்.

சின்னமனூர் தாண்டி, தேனி போகிற ரோட்டோரம் ஒரு பெரிய தகரக் கொட்டகை. இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், தூண், பித்தளைச் சாமான், ஓடாத ரேடியோ, எனாமல் தட்டு எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். கடைக்காரர் குமுளிப் பக்கத்து ஆள், தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். நான் ஒவ்வொன்றையும் தொட்டு இது எந்த வருடத்தது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “சாரே, வருஷம் சொன்னா வெல ஏறும். சொல்லட்டா, வேண்டாமா?”

சித்ரா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு திரும்பியவள்தான் அதைப் பார்த்தாள். மூலையில், முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த ஒரு பெரிய படம். எடுத்துத் தூசி தட்டினால், தேக்குச் சட்டத்துக்குள் ஒரு இளம்பெண். கறுப்பு வெள்ளை. நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து வட்ட மேசையில் ஒரு கையை வைத்திருந்தாள். பின்னால் மாடிப்படியும் அரண்மனைத் தூணும் வரைந்த ஸ்டூடியோ திரை. தோளில் உப்பிய புட்டாக் கை ரவிக்கை. இடது புருவத்தின் நடுவில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு, அந்த இடத்தில் மட்டும் முடி இல்லை. போட்டோ எடுப்பவரை முறைப்பதா சிரிப்பதா என்று முடிவு செய்யாத முகம்.

“ஃபிரேம் நல்ல தேக்கு. படம் வேண்டாம்னா தூரப் போட்டுடலாம், கேட்டோ” என்றார் கடைக்காரர்.

“போட்டோவுக்காகத்தான் வாங்குறேன்” என்றாள் சித்ரா. “முகத்தப் பாருங்க, எப்படி இருக்காக!”

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து ஆராய்ந்தேன். திரை, ரவிக்கைக் கை, மேசை விரிப்பு எல்லாவற்றையும் பார்த்து, இது வெகு காலத்துக்கு முந்தியது என்று முடிவு கட்டினேன். “இந்தம்மா போய்ச் சேந்தே அம்பது வருஷம் ஆகியிருக்கும்” என்றேன். தயவுசெய்து இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அங்கே இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் படத்தைக் கூடத்தில் மாட்டினோம். வாசல் வடக்கே பார்த்தது. வாசல் வெளிச்சம் நேராக விழும் இடமாகப் பார்த்துச் சித்ரா தெற்குச் சுவரைக் காட்டினாள், நான் ஆணி அடித்தேன். தெற்குச் சுவரில் வடக்கே பார்க்க யார் படத்தை மாட்டுவார்கள் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வீட்டில் காலமானவர்களுக்கு உரிய இடம் அது. எங்களுக்கும் தெரியும். அன்றைக்கு நாங்கள் வெளிச்சத்தை மட்டும்தான் பார்த்தோம்.

மறுநாள் காலை ஓடைப்பட்டியிலிருந்து என் சித்தி பாண்டியம்மாள் வந்தார். திராட்சைத் தோட்டத்தில் ஆள்களை விரட்டி விரட்டிப் பழகிய குரல். கையில் செவ்வந்தி மாலை. காலமான என் அப்பா அம்மா படத்துக்காக வாங்கி வந்தது. அந்தப் படம் இன்னும் வாடகை வீட்டில் இருந்தது சித்திக்குத் தெரியாது. அவர் பார்த்தது தெற்குச் சுவரில் பொட்டும் பூவும் இல்லாமல் இருந்த ஒரு பெண்ணை. சித்ரா வீட்டுப் பெரியவர் யாரோ என்று நினைத்து, பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணாடியின் மேல் சந்தனம் குங்குமம் வைத்து மாலையைப் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

பசுவை வீட்டுக்குள் கூட்டி வந்து, பால் பொங்கி, ஓமப்புகை கொஞ்சம் அடங்கிய பிறகுதான் நான் மாலையைக் கவனித்தேன்.

“யாரு சித்தி இதப் போட்டது?”

“நாந்தான். ஏலே, உம் பொண்டாட்டி வீட்டு ஆளுன்னா ஒரு முழம் பூவுக்குக்கூட வக்கில்லாமப் போச்சா?”

“அது யாருன்னே தெரியாது சித்தி. கடையில வாங்குனது.”

சித்தி வாயைப் பொத்திக்கொண்டார். “அடப் பாவி! ஊருல செத்தவுகள எல்லாம் காசு குடுத்தா வாங்கிட்டு வருவ?”

“எப்பவோ செத்தவுகதான், இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு நான் பந்தியைப் பார்க்கப் போனேன். ஸ்டூலையும் கையோடு தூக்கிக்கொண்டு போனேன், பந்தியில் உட்கார இடம் பற்றவில்லை.

திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது ஒரு வயதான அம்மா வாசலில் ஏறி வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சேலை, மெல்லிய நீலக் கரை. கம்பு இல்லை, பிடிமானம் இல்லை, நன்றாகவே நடந்தார். நான் கும்பிட்டேன், அவரும் தலையை ஆட்டினார். சித்ரா பக்கத்து ஆள் என்று நான் நினைத்தேன். சித்ரா என் பக்கத்து ஆள் என்று நினைத்திருக்கிறாள். அவர் நேராகப் படத்துக்குப் போனார். மாலையைக் கழற்றினார். முந்தானையால் கண்ணாடியில் இருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்தார்.

“ஆளு இருக்கும்போதே மாலை போடலாமா தாயி? என்ன அவசரம்?” என்று சித்தியைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைச் சுட்டிக்காட்டுவதுபோலக் கேட்டார்.

சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “தப்பா நினைக்காதீக மதினி, தெரியாமப் போட்டுட்டேன். வாங்க, மொதல்ல சாப்பிடுங்க” என்றார்.

“சாப்பிட்டுத்தான் போகணும். எங்க வீட்டுல இன்னைக்கி அடுப்புப் பத்த வைக்க மாட்டாக.”

சாவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சுப காரியத்துக்கு வந்த இடத்தில் இதைச் சொல்கிறாரே என்று நான் முகம் சுளித்தேன். அவர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் பந்தியில் உட்கார்ந்து இட்லியும் பொங்கலும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டு வாங்கினார். சித்தி தன் கையாலேயே தாம்பூலப் பை கொடுத்தார். எங்கள் பெயர் அச்சடித்த மஞ்சள் பை, உள்ளே தேங்காய், வெற்றிலை பாக்கு. அவர் செவ்வந்தி மாலையையும் சுருட்டி அதற்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். தூறலில் அவர் போவதை நானே பார்த்தேன். குடை இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

பந்தி முடியும் நேரத்தில் ஆரோக்கியம் வந்தார். என் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர், ராயப்பன்பட்டிக்காரர். தலையெல்லாம் நனைந்து, சிரிப்பும் பதற்றமும் கலந்த முகத்தோடு வந்தார்.

“மன்னிச்சுக்கங்க சார், எங்க தெருவுல ஒரு கூத்து. ரெண்டு வருஷமா இடுப்பொடிஞ்சு படுக்கையில கெடந்த அம்மா, காலைல மூச்சு நின்னு போச்சு. டாக்டர் வந்து பாத்துட்டுக் கையை விரிச்சுட்டார். மாதா கோயில்ல துக்க மணி அடிச்சாச்சு. ஃபிரீசர் பெட்டியும் வந்து எறங்கிருச்சு. சொந்தக்காரவுக எல்லாம் மாரடிச்சு அழுகுறாக. திடீர்னு அந்தம்மா கண்ணத் தொறந்து, ‘எதுக்குடி இந்தச் சத்தம்’னாக பாருங்க! பெட்டி கொண்டாந்தவன் பெட்டிய விட்டுட்டே ஓடிட்டான்.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

“அதவிடக் கூத்து,” என்றார் ஆரோக்கியம், “பிளெக்ஸ் அடிக்கக் குடுக்க ஒரு நல்ல போட்டோ இல்ல. இருந்த ஒரே போட்டோவையும், பழைய வீட்ட இடிக்கையில கதவு ஜன்னலோட சேத்து மகன் வித்துட்டான். அந்த அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது, பெருசா, தேக்குச் சட்டம் போட்டு…”

அவர் கண் போன இடத்தை நாங்களும் பார்த்தோம்.

“சார், எங்க தெரு சலேத்தம்மா போட்டோ உங்க வீட்டுல எப்படி சார்?”

நான் படத்தைப் பார்த்தேன். இடது புருவத்துத் தழும்பு. சற்று முன் சட்னி வாங்கிச் சாப்பிட்ட அம்மாவின் இடது புருவத்திலும் நடுவில் முடி இல்லை. நான் பரிமாறக் குனிந்தபோது பார்த்தது. பார்த்தும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். எதையும் பொருத்திப் பார்ப்பதே வேலையாக வைத்திருக்கும் எனக்கு அன்றைக்கு அது தோன்றவே இல்லை. சித்ரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கொல்லப் பாத்துட்டமேங்க… உசுரோட இருக்கவுகளக் கொல்லப் பாத்துட்டமே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சித்தி ஸ்டூல் போட்டு ஏறித்தான் மாலையைப் போட்டார். வந்த அம்மா என் தோளுக்குக்கூட வர மாட்டார். ஸ்டூல் பந்தியில் இருந்தது. எப்படி எட்டினார்? நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், எப்படி எட்டினார் என்பது மட்டும் நினைவில் இல்லை. வீடியோக்காரரிடம் கேட்டோம். பசு உள்ளே வரும்போது படத்தில் மாலை இருக்கிறது, அடுத்து கூடத்தைக் காட்டும்போது மாலை இல்லை. நடுவில் வீடியோக்காரர் கேமராவோடு பந்தியின் அந்தக் கோடியில் இருந்திருக்கிறார்.

அன்றைக்கு மதியமே படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நானும் சித்ராவும் ஆரோக்கியத்தோடு ராயப்பன்பட்டிக்குப் போனோம். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அந்த அம்மா உயிரோடு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று சித்ரா ஒற்றைக் காலில் நின்றாள். புது வீட்டில் விளக்கேற்றிய அன்றே வெளியே போகக் கூடாது என்று சித்தி தடுத்துப் பார்த்தார், அவள் கேட்கவில்லை.

தெருவில் பந்தல் போட வந்த மூங்கில்கள் அப்படியே சாத்திக் கிடந்தன. புது கான்கிரீட் வீடு. மருமகள் ஸ்டெல்லா கதவைத் திறந்தார், அழுது வீங்கிய கண். உள்ளறைக் கட்டிலில் அதே அம்மா. அதே நீலக் கரைச் சேலை. இடுப்புக்குக் கீழே போர்வை, கால் இரண்டும் மெலிந்து குச்சியாகக் கிடந்தன. அந்தக் காலால் ஒருவர் எங்கேயும் போயிருக்க முடியாது. நான் இதைக் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

தலைமாட்டில் கொக்கியில் எங்கள் பெயர் அச்சடித்த மஞ்சள் பை தொங்கியது. அதன் வாய் வழியாகச் செவ்வந்தி தெரிந்தது.

“இது யாரு கொண்டாந்தது?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

“ஆரோக்கியண்ணன்தான் குடுத்து விட்டிருப்பாகன்னு நெனச்சேன். அத்தை கண்ணு முழிச்ச கொஞ்ச நேரத்துல பாத்தேன், அங்கன தொங்குச்சு.”

ஆரோக்கியம் தன் பையை எங்களுக்குக் காட்டினார். அது அவர் வண்டியில் மாட்டியபடியே இருந்தது, தேங்காயோடு. என்னால் முடிந்தவரை யோசித்துப் பார்த்துவிட்டேன். எங்கள் விருந்தாளி யாராவது அந்த வீட்டுக்குப் போயிருக்கலாம். பந்தியில் சாப்பிட்டவர் வேறு யாரோவாக இருக்கலாம், தழும்பு தற்செயலாக இருக்கலாம். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கட்டிலில் இருந்த அம்மா என்னைப் பார்த்துப் பேசினார்.

“இவுகதான் ஆளப் பாத்ததும் வயசு சொல்றவுக. நா செத்து அம்பது வருஷம் ஆச்சுன்னு கடைக்காரன்கிட்டச் சொன்னாக.”

கடையில் நாங்கள் மூன்று பேர். அந்த வாக்கியத்தை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை, நாட்குறிப்பில்கூட எழுதவில்லை. சித்ரா என் கையை இறுக்கிப் பிடித்த நகத் தடம் இரண்டு நாள் இருந்தது.

“அந்த ஸ்டூடியோக்காரன்ட்ட பழைய திரைதான் இருந்துச்சு, அவன் தாத்தா காலத்துது” என்றார் அவர். “ரவிக்கை எங்க அக்காளுது. அத வெச்சா வயசு பாப்பாக?”

ஸ்டெல்லா எங்களையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். “அத்தை, இவுகள உங்களுக்குத் தெரியுமா?”

“சாப்பிட்டுட்டு வந்திருக்கேன், தெரியாமப் போகுமா?”

சித்ரா படத்தைப் பிரித்து அவர் பக்கத்தில் வைத்தாள். “மன்னிச்சுக்கங்கம்மா. உங்க படம், நீங்களே வெச்சுக்கங்க” என்றாள். அவர் படத்தின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இங்கன எதுக்கு? ஆணி அடிச்சாச் சுவரு கீறிப்போகும்னு எம் மகன் குதிப்பான். என்னையக் கேக்காமத்தான வித்தான். உங்க வீட்டுல வெளிச்சம் நல்லாருக்கு. வாசலப் பாத்துக்கிட்டு அங்கனயே இருந்துக்கறேன்.”

“சரிம்மா. சத்தியமா இனிமே மாலை போட மாட்டோம்.”

“போடாம எப்பிடி? ஒரு நாளைக்கிப் போடணும்ல. ஆனாச் செவ்வந்தி வேண்டாம் தாயி, அந்த வாசன எனக்குச் சேராது. மல்லிகை வாங்கு.”

சித்ரா அழுதுகொண்டே கேட்டாள்: “எப்பப் போடணும்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“அத நானே வந்து சொல்றேன்” என்றார் சலேத்தம்மா. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினோம். வேறு சுவருக்கு மாற்றலாமா என்று கேட்டேன், சித்ரா வேண்டாம் என்றாள். வெளிச்சம் விழும் அந்த இடத்தைத்தானே கேட்டார் என்றாள். வெள்ளிக்கிழமைகளில் சாமி படங்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டு வருபவள், அந்தப் படத்தின் முன்னால் வந்ததும் குங்குமச் சிமிழை மூடிவிடுவாள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை மாதா மாதம் ஆரோக்கியத்திடம் விசாரித்து எழுதி வந்தேன். இருந்தார். அடுத்த சித்திரையில் மகனுக்குக் கோயமுத்தூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள். ஸ்டெல்லா கொடுத்த எண் கொஞ்ச நாள் அடித்தது, பிறகு உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ராயப்பன்பட்டியில் ஒருவர் சொன்னார். எழுந்து நடக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நான் பதிவு செய்யவில்லை, கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

போன வியாழக்கிழமை நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தோம். பொழுது சாயத் திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டு அம்மா கூப்பிட்டார்.

“மத்தியானம் ஒரு வயசான அம்மா வந்தாக. கேட்டுல கைய வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாக. வீட்டுல ஆளு இல்லம்மா, எங்கிட்டச் சொல்லுங்கன்னேன். ‘வந்தேன்னு மட்டும் சொல்லு, அவுகளுக்குத் தெரியும்’னுட்டுப் போயிட்டாக.”

“எப்படி இருந்தாக? வெள்ளைச் சேலையா? புருவத்துல தழும்பு ஏதும் பாத்தீகளா?” என்று சித்ரா கேட்டாள்.

“கண்ணாடி போடாம நின்னேன் தாயி. மொகம் தெரியல.”

அன்றே சித்ரா மல்லிகைச் சரம் வாங்கி வந்தாள். போடவா வேண்டாமா என்று இரவு முழுவதும் யோசித்தோம். அவர் உயிரோடு இருந்து நாங்கள் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் வந்து சொல்லிவிட்டுப் போயும் நாங்கள் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. சரம் இன்னும் ஃபிரிட்ஜில் ஈரத் துணியில் இருக்கிறது. வாடினால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி வைக்கிறாள்.

வியாழக்கிழமை வந்தவர் சலேத்தம்மாள்தானா என்பதும், அவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்பதும் இதை எழுதும் நேரம்வரை உறுதி செய்யப்படவில்லை.